திங்கள்கிழமை பத்து மணிக்கு ஜாயின் அஸ்

அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்திய தையல் கூடம் அது. பெரும்பாலும் பள்ளிச் சீருடைகள். அக்கா துணி வெட்டுவாள், தங்கை மெஷினில் உட்காருவாள். கூட நாலு பேர் வேலைக்கு. இடம் போதாமல் பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய கூடத்துக்கு மாறியபோது, வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு டீ, பிஸ்கட் கொடுக்கலாம் என்று அக்காவுக்கு ஆசை. அழைப்பு எழுதும் வேலை தங்கை தலையில் விழுந்தது. இங்கிலீஷ் அவளுக்குத்தான் வரும். அதனாலேயே எல்லாருக்கும் அவள் ‘டீச்சர்’.

“‘ப்ளீஸ் கம்’னு போடேன். எல்லாருக்கும் புரியும்” என்றாள் அக்கா.

“கெஞ்சற மாதிரி இருக்குக்கா.”

“அப்ப ‘யூ ஆர் இன்வைட்டட்’?”

“கல்யாணம்னு நினைச்சு நகைநட்டோட வந்து நிப்பாங்க. உரிமையா இருக்கணும். ‘ஜாயின் அஸ்’. எவ்வளவு பாந்தமா இருக்கு பாரு!”

‘வி ஆர் எக்ஸ்பேண்டிங்! ஜாயின் அஸ் ஆன் மண்டே அட் டென்.’ அதற்குக் கீழே புது விலாசமும் போன் நம்பரும். போனில் எல்லாருக்கும் அனுப்பி, பழைய கடையின் ஷட்டரிலும் ஒன்றை ஒட்டினாள்.

திங்கள்கிழமை ஒன்பதரைக்குத் தெருமுனை திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். புதுக் கடை வாசலிலிருந்து மருந்துக்கடை வரைக்கும் வரிசை. நாற்பது பேருக்குக் குறையாது. எல்லார் கையிலும் ஃபைல்.

“இன்டர்வியூ உள்ளேயா மேடம்?” என்றார் முதலில் நின்றவர்.

“என்ன இன்டர்வியூ?”

“ஆள் எடுக்கறீங்கல்ல? எக்ஸ்பேண்ட் பண்றோம், வந்து சேருங்கன்னு போட்டிருக்கே. போன்ல ஊரெல்லாம் சுத்துதே.”

அப்போதுதான் அந்த வரியை அவர்கள் கண்ணால் படித்தாள். பிசகே இல்லாமல் வேலைக்குத்தான் கூப்பிட்டிருந்தாள்.

“ஐயோ, இல்லைங்க. இது… சும்மா டீ குடிக்கக் கூப்பிட்டது.”

யாரோ சிரித்தார்கள். “டீ குடிக்கவா ரெண்டு பஸ் மாறி வந்தேன்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

வரிசையின் நடுவில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயசிருக்கும். துண்டில் சுற்றிய சொந்தக் கத்தரிக்கோலை மார்போடு அணைத்திருந்தாள். கூட்டம் கொஞ்சம் விலகியதும் கிட்டே வந்தாள்.

“நான் வெள்ளிக்கிழமையே பழைய வேலையை விட்டுட்டேன்மா.”

டீச்சர் அவளை உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் ஒரு நிமிஷம் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, “தப்பு எங்க மேலதான். மன்னிச்சிடுங்க. ஒரு வாய் டீயாவது குடிச்சுட்டுப் போங்க” என்று எல்லாரிடமும் சொன்னாள். பாதிப் பேர் திட்டிக்கொண்டே போனார்கள். மீதிப் பேர் டீ குடித்தார்கள். இதற்கு நடுவே நிஜ வாடிக்கையாளர்கள் மூன்று பேர் வந்து திருதிருவென்று விழித்தார்கள்.

மத்தியானம் சகோதரிகள் இருவரும் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவளுடைய பழைய கம்பெனிக்குப் போனார்கள். சூப்பர்வைசர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “அந்த மெஷினுக்கு ஆள் போட்டாச்சு.”

கடைக்குள் நுழைந்ததும் டீச்சர் தன் மெஷினிலிருந்த துணியை எடுத்துவிட்டு, “இங்க உக்காருங்கக்கா” என்றாள். தான் மூலையில் உட்கார்ந்து கையால் பட்டன் கட்ட ஆரம்பித்தாள்.

ஒரு வாரம் கழித்துத்தான் அந்தப் பெண்ணிடம் கேட்க டீச்சருக்குத் துணிச்சல் வந்தது. “போன் நம்பர் இருந்துச்சே. வேலையை விடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா?”

மெஷின் நின்றது.

“இத்தனை வருஷத்துல வேலை கேட்டுப் போய் நின்னுதான் பழக்கம் டீச்சர். ‘வாங்க’ன்னு கூப்பிட்டு யாரும் எழுதினதில்ல. சந்தேகமே வரல.”

சொல்லிவிட்டு அவள் காலரைத் திருப்பித் தைக்கத் தொடங்கினாள். டீச்சர் அடுத்த பட்டனுக்கு ஊசியில் நூல் கோத்தாள்.