நாற்பத்தாறு இளநீர்

ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய், அதை நான் ரூபாயாகப் பார்த்ததே இல்லை, வேப்பமரத்துப் பட்டையில் இழுத்த சுண்ணாம்புக் கோடுகளாகத்தான் பார்த்தேன், எங்கள் தெருமுனையில் இளநீர் விற்கிற தவசிமுத்துவுக்கு நோட்டும் கிடையாது பேனாவும் கிடையாது, வெற்றிலைக்கு வைத்திருக்கிற சுண்ணாம்பு டப்பாவில் விரலை விட்டு எடுத்து, கடனுக்குப் போகிற ஒவ்வொரு இளநீருக்கும் மரத்தில் ஒரு கோடு இழுப்பான், ரோட்டைப் பார்த்த பக்கம் என் பக்கம், ஒரு கோடு நாற்பது ரூபாய், நாற்பத்தாறு கோடு, அதை எண்ணுவதற்கு நான் தெருமுனைக்குப் போகவேண்டியதில்லை, கண்ணை மூடினால் போதும், வெயிலில் வெளுத்து நிற்கும், பாத்தியில் தண்ணீர் வற்றி உப்பு பூத்து வருகிற மாதிரி நிற்கும், அத்தனையையும் குடித்தது என் பெண்டாட்டி ஆறுமுகக்கனி, வாங்கிக் கையில் கொடுத்தது நான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தில் இரண்டு பேரும் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தோம், நான் பலகை பிடித்து உப்பை வரப்புக்கு இழுப்பேன், கனி அதைப் பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்துபோய் மேட்டில் கொட்டுவாள், நிழல் என்று சொல்ல ஒரு முள்செடி கிடையாது, வீட்டிலிருந்து கொண்டுபோன தூக்குவாளித் தண்ணீர் ஒன்பது மணிக்கெல்லாம் சுட்டுவிடும், ஆம்பிளைகள் நாங்கள் அதைக் குடித்துவிட்டு வரப்புக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வோம், பெண்களுக்கு ஒதுங்க இடம் ஏது, கண்ணுக்கு எட்டின மட்டும் வெள்ளை, ஒரு காக்கா உட்கார்ந்தால்கூடத் தெரியும், அதனால் அவர்கள் குடிப்பதே இல்லை, கனி ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிடுவாள், முழுங்கேன் பிள்ள என்பேன், முழுங்கிட்டு எங்க போய் இருக்க, உங்க மொதலாளி மண்டையிலயா என்பாள், கூடச் சுமக்கிற பெண்களெல்லாம் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், முப்பத்தொரு வருஷம் சிரித்திருக்கிறேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் அந்தத் தூக்குவாளியைக் கவிழ்ப்பாள், பாதிக்கு மேல் அப்படியே இருக்கும், வாசலில் நிற்கிற முருங்கைக்கு ஊற்றுவாள், அந்த முருங்கை மட்டும் எங்கள் தெருவிலேயே நன்றாக வளர்ந்தது.

எழுத்து எனக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் வந்தது, உப்பளத் தொழிலாளர் சங்கக் கொட்டகையில் சாயங்கால வேளையில் ஒரு பிள்ளை வந்து சொல்லிக்கொடுத்தாள், கனியும் இரண்டு நாள் வந்து உட்கார்ந்தாள், உப்பு வெளிச்சத்தில் வெந்த கண்ணுக்குப் பலகையில் எழுதியது தெரியவில்லை, ஒரு வீட்டுக்கு ஒரு எழுத்துக்காரர் போதும், நீங்க படிச்சு எனக்கு வாசிச்சுக் காட்டுங்க என்று நின்றுவிட்டாள், அன்றிலிருந்து பஸ் போர்டு, ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, மாத்திரை அட்டை, எல்லாவற்றையும் அவளுக்கு நான் விரல் வைத்து எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசிப்பேன், அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்பாள், போட்டிருக்கதைத்தான் வாசிக்கீங்களா, இல்ல சொந்தமா அடிச்சு விடுதீங்களா என்று கேலி பண்ணுவாள், சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதெல்லாம் ஒரு எழுத்தை நான் விட்டு வாசித்ததில்லை.

பிறகு அவள் காலில் வீக்கம் வந்தது, அழுத்தினால் விரல் போன இடம் குழியாகவே நின்றது, காலையில் முகம் உப்பியிருக்கும், அந்த நாட்களில்தான் பஸ்ஸில் ஒருத்தர் புத்தகம் விற்றுக்கொண்டு வந்தார், இயற்கை பானம், வீட்டுலயே செய்யலாம், உடம்பு சுத்தமாகும், பத்தே ரூபா என்று கத்தினார், வாங்கினேன், நான் காசு கொடுத்து வாங்கிய முதல் புத்தகம் அது, ஒரு பக்கத்துக்கு ஒரு பானம், மேலே படம், கீழே செய்முறை, ஒரு பக்கம் வாசிக்க எனக்கு அரைமணி நேரம் ஆகும், வாழைத்தண்டை வட்டமாக நறுக்கவும் என்று வாசித்துவிட்டு நறுக்குவேன், நாரை விரலில் சுற்றி எடுக்கவும் என்று வாசித்துவிட்டுச் சுற்றுவேன், கறுத்துப்போகாமல் மோரில் போட்டு, அம்மியில் நசுக்கி, அவளுடைய பழைய சேலையில் கிழித்த துணியில் வடிகட்டி, சீரகத்தூள் தூவி, நெல்லிக்காய் என்றால் கொட்டையை எடுத்துவிட்டு இஞ்சி தட்டிப் போட்டுக் கலக்குவேன், கனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பாள், உப்பு வாருத கைக்கு என்ன பக்குவம் பாரேன் என்பாள், குடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள், தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன், முழுங்குகிறாள், துப்பவில்லை, எனக்கு வேறென்ன வேண்டும், எனக்குன்னு ஒருத்தர் கலக்கிக் குடுத்து நான் குடிக்கது இப்பத்தான் என்று ஒருநாள் சொன்னாள், அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்து ஆட்டியது, அவள் குடிக்காமல் போன முப்பத்தொரு வருஷத் தண்ணீரையும் சாறாக்கி, மோராக்கி, பானகமாக்கித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன், கனவிலும் அதுதான், பாத்தி பாத்தியாக இளநீர் கட்டி நிற்கிறது, வரப்பில் மண்டியிட்டு அவள் இரண்டு கையாலும் அள்ளிக் குடிக்கிறாள், ஒரு பாத்தி வற்றினால் நான் அடுத்த மடையைத் திறந்துவிடுகிறேன், திறந்துவிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

வீக்கம் வடியவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனோம், ரத்தம் எடுத்தார்கள், டாக்டர் சின்ன வயதுப் பெண், ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சுய்யா, வருஷக்கணக்கா தண்ணி குடிக்காம வெயில்ல நின்னிருக்காங்க என்றாள், இப்பவாவது நிறையக் குடுக்கலாமா அம்மா என்று கேட்டேன், டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள், நர்சு தர்ற தாளைப் பாருங்க என்று சொல்லி அனுப்பினாள், நான் மாத்திரைக்கு வரிசையில் நின்றேன், திரும்பி வந்தபோது கனி கையில் ஒரு தாளை மடித்து வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், வாசிங்க எழுத்துக்காரரே என்று நீட்டினாள், வாசித்தேன், உப்பு குறைக்கவும் என்றிருந்தது, இம்புட்டு நாளும் அது நம்மளைத் தின்னது போதாதாக்கும் என்று சிரித்தாள், அப்பளம், ஊறுகாய், கருவாடு கூடாது, வாசித்தேன், தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, அதையும் வாசித்தேன், முப்பத்தொரு வருஷம் உப்பளம் தண்ணீர் குடிக்காதே என்றது, இப்போது ஒரு தாள் குடிக்காதே என்கிறது, ஏழாவது வரியில் விரலை வைத்தேன், இளநீர், வாழைத்தண்டுச் சாறு, பழச்சாறு கண்டிப்பாகக் கூடாது.

ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரிந்தது, தெரியவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் இளநீர் கூடாது என்று உலகத்தில் எவனாவது சொல்வானா, சாகக் கிடக்கிறவனுக்குக்கூட அதைத்தானே ஊற்றுவார்கள், அச்சடித்தவன் மாற்றி அடித்துவிட்டான் என்று பட்டது, என்னுடைய பத்து ரூபாய்ப் புத்தகத்தில் இளநீருக்கு இரண்டு பக்கம் போட்டிருந்தது, அது பொய்யா, அதற்கும் மேலே இன்னொன்று, அன்று காலை பஸ்ஸில் வரும்போது கனி தவசியின் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள், ஒரு எளனி குடிச்சா நல்லாருக்கும் என்றாள், வாயைத் திறந்து அவள் ஒன்று கேட்டதே அபூர்வம், என் விரல் அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு தூக்கி எட்டாவது வரியில் வைத்தேன், மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடவும், என்ன, ஒரு இடத்துல நின்னுட்டீங்க என்றாள், எழுத்து மங்கலா இருக்கு பிள்ள என்றேன், என் முகத்தையே பார்த்தாள், வேற ஒண்ணும் இல்லையா என்றாள், வேற ஒண்ணும் இல்ல என்றேன், சரி என்றாள், அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினதும் தவசி மரத்தில் முதல் கோட்டை இழுத்தான்.

தினம் ஒன்று, சாறும் கூடவே, ஒரு லிட்டர் கணக்கில் பச்சைத்தண்ணீரைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் இளநீர், அந்தத் தாளை ஏமாற்றிவிட்டேன் என்ற கெட்டிக்காரத்தனம்கூட எனக்கு இருந்தது, நாற்பத்தாறாவது கோட்டுக்கு மறுநாள் விடியும்போது கனி என் கையைப் பிடித்து அவள் நெஞ்சில் வைத்தாள், உள்ள யாரோ ஓடுதாங்க பாருங்க என்றாள், ஓடினது, பிறகு நின்று நின்று ஓடினது, ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனேன், அதே டாக்டரம்மா, என்னய்யா குடுத்தீங்க என்று கேட்டாள், நான் வரிசையாகச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், அவள் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினாள், தாளைப் படிச்சீங்களாய்யா என்றாள், படிச்சேன் அம்மா, படிச்சுமா, எளனியில உள்ள பொட்டாசியத்தைக் கெட்ட கிட்னியால வெளியேத்த முடியாது, அது இதயத்தையே நிறுத்திடும் என்றாள், இரண்டாம் நாள் மத்தியானம் கனி போய்விட்டாள், கடைசி வரைக்கும் உதடு வெடித்திருந்தது, நர்சு பஞ்சில் நனைத்துத் தொட்டு வைத்தாள், அவ்வளவுதான் கொடுக்கலாம் என்றாள், இதெல்லாம் குடுக்காட்டியும் இன்னும் ரெண்டு வருஷமோ மூணு வருஷமோதான் என்று டாக்டரம்மா என் தோளைத் தொட்டுச் சொன்னாள், இரண்டு வருஷம் என்றால் எழுநூற்று முப்பது நாள், எனக்குப் பெருக்கத் தெரியும், அதையும் அந்தக் கொட்டகையில்தான் படித்தேன்.

பதினாறு முடிந்து அளத்துக்குப் போனேன், என் பலகை இழுத்த உப்பை வேறு யாரோ ஒரு பெண் சுமந்தாள், அவளும் கொப்பளித்துத் துப்பினாள், வாரக் கூலி வாங்கின மறுநாள் ஆயிரத்து எண்ணூற்று நாற்பதை எண்ணி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன், பதினொரு மணி வெயில், இந்தக் காசைக் கொடுத்துவிட்டால் அவள் சாவுக்கு நான்தான் விலை கொடுத்தேன் என்று ஒரு கணக்காவது முடியும், எனக்கு வேறு எந்தத் தண்டனையும் யாரும் தரவில்லை, வாங்க அண்ணாச்சி என்று தவசி அரிவாளைக் கீழே வைத்தான், ரூபாயை வண்டிப் பலகையில் வைத்தேன், அவன் தொடவில்லை, எடுத்துக்கோ தவசி என்றேன், வேண்டாம் அண்ணாச்சி என்றான், என்னடே, இரக்கப்படுதியோ என்று கேட்டேன், கோபமாகத்தான் கேட்டேன், இரக்கப்பட நான் யாரு என்றான், இளநீர்க் குலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், மதினி ஒருநாள் தனியா வந்துச்சு அண்ணாச்சி, நீங்க அளத்துக்குப் போயிருந்தீங்க, இனிமே தண்ணி நிறைய உள்ளதாப் பாத்து வெட்டு தவசின்னுச்சு, பிறகு அதுவாவே சொல்லிச்சு, நர்சுப் பிள்ள தாளைக் குடுக்கும்போதே வாயால எல்லாத்தையும் சொல்லிட்டா, எளனி தொடவே கூடாதுன்னா, இந்த மனுசன் வாசிக்கும்போது அந்த இடத்துல முழுங்கிட்டாருன்னு சிரிச்சுது, எனக்குப் பதறிட்டு, பின்ன ஏன் மதினி குடிக்கீங்கன்னு கேட்டேன், அதுக்கு என்ன சொன்னா என்றேன், தாகமா இருக்கு தவசின்னுச்சு, அம்புட்டுத்தான் அண்ணாச்சி, அன்னைக்கு மரத்துல பதினொரு கோடு கிடந்தது, அதுக்குப் பிறகும் முப்பத்தஞ்சு வெட்டிக் குடுத்திருக்கேன், நீங்க வந்து நிப்பீங்க, சொல்லணும்னு வாயெடுப்பேன், சொல்லாம வெட்டுவேன், தெரிஞ்சு வெட்டின எளனிக்கு எந்தக் கையால காசு வாங்கச் சொல்லுதீங்க.

ரூபாயை எடுத்து என் கையில் திணித்தான், நான் திருப்பி வைத்தேன், மறுபடியும் திணித்து என் விரல்களை மூடினான், வெட்டிப் போட்டிருந்த மட்டை ஒன்றை எடுத்து வாளித் தண்ணீரில் முக்கி மரப்பட்டையில் தேய்த்தான், பட்டை நனைந்து கறுத்தது, கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன, கடைசிக் கோடு வரைக்கும் தேய்த்தான், தீந்துட்டு அண்ணாச்சி, உங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போங்க என்று முதுகைத் திருப்பிக்கொண்டான், நான் போகவில்லை, தண்ணீர் போனால் என்ன வரும் என்று முப்பத்தொரு வருஷம் பார்த்தவன் நான், வெயில் மரத்தில் ஏறியது, ஈரம் ஓரத்திலிருந்து சுருங்கியது, பட்டையின் வெடிப்புக்குள்ளே இருந்து முதலில் ஒன்று மங்கலாக, பிறகு பக்கத்தில் ஒன்று, பாத்தியில் உப்பு பூக்கிற மாதிரி வெள்ளைவெள்ளையாக மேலே வந்தது, கிட்டப் போய் முதல் கோட்டில் விரலை வைத்து, எதையும் விடாமல், சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன்.