எதில் எதை ஊற்றினாய்

ஏஞ்சலின் இரண்டு பாட்டில்களை மேசைமேல் வைத்தபோதே கவிப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. வந்திருக்கவேண்டியது ஒரே பாட்டில். டேங்கில் கலந்து முடித்த எண்ணெய். இவளோ கச்சா எண்ணெயில் ஹெவி ஒன்றும் லைட் ஒன்றுமாகத் தனித்தனியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"டேங்க் சாம்பிள் எங்கடி?"

"நீயே கலந்துக்கோ கவி. டேங்க்லயும் இதே எண்ணெய், இதே அளவுதான்."

"நான் இன்னா கேக்குறேன், நீ இன்னா சொல்ற?"

ஏஞ்சலின் ஜன்னலோர ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒருகாலத்தில் அது அவளுடைய ஸ்டூல்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் இந்தச் சோதனைக்கூடத்துக்கு இருவரும் ஒன்றாகத்தான் டிரெயினியாக வந்தார்கள். இருவர் வீட்டிலும் அதற்குமுன் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. கச்சா எண்ணெயில் ஆஸ்ஃபால்டீன் என்று ஒரு கருப்புச் சரக்கு கலந்து கிடக்கும். கலந்து கிடக்கும்வரை அதனால் தொல்லையில்லை. பிரிந்தால் போச்சு, பிசினாக இறுகிக் குழாயையும் டேங்கையும் அடைத்துவிடும். ஹெப்டேன் என்ற கரைப்பானைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எந்த இடத்தில் அது தாங்காமல் பிரிகிறது என்று பார்க்கவேண்டும். ஒரு துளி எண்ணெயை பில்டர் பேப்பரில் வைத்து ஓவனில் காயவிட்டு, கறை ஒரே சீராகப் பரவுகிறதா, நடுவில் பிரிந்து கருவட்டம் விழுகிறதா என்று பார்க்கவேண்டும். ஓவனைத் திறக்குமுன் இருவரும் டீக்குப் பந்தயம் கட்டுவார்கள். வட்டம் விழுந்திருந்தால் ஏஞ்சலின், "வந்துட்டா பாரு மகராசி, பொட்டு வெச்சுக்கினு" என்பாள். கவிப்பிரியாவுக்குச் சிரிப்பு அடங்காது. ஏஞ்சலின் எண்ணெய்க் கம்பெனிக்கு வேலை மாறிப்போனபிறகு இந்த அறையில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. அதை நினைத்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

கூடவே இன்னொரு மத்தியானமும் நினைவுக்கு வந்தது. ஹெவியில் லைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும். பேச்சு சுவாரஸ்யத்தில் இருவரும் மாற்றிச் செய்துவிட்டார்கள். லைட் நிறைந்த பீக்கரில் ஹெவியை விட்டதும் கருப்பு பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அளவு சரிதான், ஊற்றிய வரிசைதான் தப்பு. சூடாக்கினார்கள், கலக்கினார்கள், காலில் விழாத குறை. அது அசையவில்லை.

கவிப்பிரியா நிமிர்ந்தாள்.

"எதுலடி எத ஊத்துன?"

ஏஞ்சலின் தரையைப் பார்த்தாள். "லைட் டேங்க்லயே கெடந்துச்சு. வேற டேங்க் காலி இல்ல. ஹெவி ஏத்துன லாரிங்க எளாவூர் தாண்டி வந்து நின்னுக்கினு ஹாரன் அடிக்கிறானுங்க. ஒரே பேஜாரு. அது மேலயே எறக்கிட்டேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்." இரண்டு பாட்டில்களையும் கவிப்பிரியா பக்கம் நகர்த்தினாள். "நீ இங்க ஒழுங்கா கலந்தா பாஸ் ஆவும் கவி. பொய் ஒண்ணும் எழுத வேணாம். அங்க ஷிப்ட் இன்சார்ஜா வந்த மொத பொம்பள நான். தெரிஞ்சுதுன்னா, பொம்பளைய வெச்சா இப்டித்தான்னு கேட்டுக்கு வெளிய தள்ளிடுவானுங்க."

தள்ளுவார்கள்தான். இதே தப்பை ஆம்பளை செய்தால் தோளில் தட்டி விட்டுவிடுவார்கள் என்பதும் கவிப்பிரியாவுக்குத் தெரியும். ஆனால் அடியில் உட்கார்ந்தது என்ன ஆகும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். அவள் அப்பா முனிகிருஷ்ணன் இருந்தவரை டேங்க் கழுவும் கான்ட்ராக்டில்தான் இருந்தார். உள்ளே இறங்கி, கட்டிப்போன கருப்பை மண்வெட்டியால் சுரண்டும் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் கெரசின் துணியால் அவர் முதுகைத் துடைத்துவிடுவது அவள் பொறுப்பு. காதுமடிப்பில் மட்டும் எத்தனை தேய்த்தாலும் போகாது. "உடு கண்ணு, அது இன்னாத்துக்கு உன்கிட்ட வம்பு வளக்குது, எங்கூடவே இருந்துட்டுப் போவட்டும்" என்று சிரிப்பார். கெரசின் வாடையோடு சேர்ந்த அந்தச் சிரிப்பு இன்றைக்கும் அவளுக்கு வேண்டியிருந்தது.

"நான் பாஸ் போட்டுட்டா அடியில கெடக்கறத யாருடி சுரண்டுவா?" கத்தியேவிட்டாள். "உங்க மேனேஜரா எறங்குவான்? எங்க நைனா மாதிரி எவனாவது ஒருத்தன்தான எறங்குவான்?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கினு ஏன்டி இங்க வந்த? சிப்காட்ல வேற லேபே இல்லியா?"

ஏஞ்சலினுக்குக் கண் கலங்கியது.

கவிப்பிரியா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "எப்ப எறக்குன?"

"காலைல."

"அப்ப இன்னும் இறுகியிருக்காது. இப்பவே பம்ப்ல எடுத்தா யாரும் உள்ள எறங்க வேணாம். கெளம்பு. அடில எவ்ளோ உட்கார்ந்திருக்குன்னு என் கண்ணால பாக்காம ஒரு எழுத்து எழுத மாட்டேன். ஃபெயில்னா ஃபெயில்தான், சொல்லிட்டேன்."

"எழுதுடி. நீ எழுதாட்டி யாரு எழுதுவா."

ஏஞ்சலின் கம்பெனி டேங்க் உச்சியில் வெயில் தகித்தது. கிழக்கே உப்புநீர் ஏரிப்பக்கமிருந்து வந்த காற்று இருவர் துப்பட்டாவையும் ஒரே திசைக்கு இழுத்தது. ஏஞ்சலின் மூடியைத் திறந்தாள். கவிப்பிரியா பித்தளைக் குடுவையைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினாள். கயிறு நீண்டுகொண்டே போய், ஓரிடத்தில் தொய்ந்தது. சற்றுப் பொறுத்து இழுத்தாள். எண்ணெய்க்குள்ளிருந்து வருவதுபோல் இல்லை, சேற்றுக்குள்ளிருந்து காலை உருவுவதுபோல் கனத்தது. ஏஞ்சலின் கையுறையைக்கூட மாட்டாமல் பக்கத்தில் வந்து நின்று கயிற்றைப் பிடித்தாள். கருத்த கயிறு முழம் முழமாக மேலே வந்துகொண்டிருந்தது.