ஓதின தண்ணீரும் ஓர்கிட் இலையும்

கட்டாரில் வேலை செய்த றஊபின் உடல்நிலை, மதுரங்குளியில் அவனுடைய வீட்டு யன்னலோரம் இருந்த ஓர்கிட் செடியின் இலைகளில் தெரிந்தது. புறப்பட்ட அன்று சிலாபத்தில் வாங்கி மனைவி ஃபஹ்மியாவிடம் கொடுத்துவிட்டுப் போன செடி அது. வெயில் சுட்டு இலையில் வெள்ளைத் தழும்பு விழுந்த நாள், அங்கே அவனுக்கு முதுகு உரிந்தது. அவள் யன்னலுக்குத் திரை போட்டாள். கம்பெனி அவனை நிழல் வேலைக்கு மாற்றியது. ஊரில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. போன் சிக்னல் இல்லாத நாளுக்கு உதவும் என்றார்கள்.

மூன்றாம் வருடம் இலைகள் மஞ்சளித்துச் சுருங்கின. றஊப் கால் வீங்கிக் கட்டிலோடு கிடந்தான். டொக்டர்மாருக்குக் காரணம் பிடிபடவில்லை. செடிக்குத் தாகம் என்று நினைத்த ஃபஹ்மியா, பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதுவித்து வாங்கிய தண்ணீரைக் காலையும் மாலையும் ஊற்றினாள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று படித்தவள்தான். புருசன் விசயத்தில் யாருக்கு அளவு தெரிகிறது? ஊற்ற ஊற்ற இலை துவண்டது. அவன் மௌத்தாகிவிடுவானோ என்ற பயத்தில் சட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, கற்பிட்டியில் ஓர்கிட் வளர்த்து விற்கும் பவுலினாவிடம் போனாள்.

பவுலினா சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். "தங்கச்சி, வேரெல்லாம் அழுகிட்டு. தண்ணிக்குள்ள நிக்குது, குடிக்க வாயில்ல. அதான் இலை சுருங்குது."

"ஓதின தண்ணியக்கா!"

"ஓம், தலவில புனித அன்னம்மாட கோயில் தண்ணி ஊத்தி நானும் மூணு செடிய சாக்காட்டினவள்தான்."

ஃபஹ்மியா றஊபுக்குப் போன் எடுத்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பவுலினா நெருப்பில் காட்டிய பிளேடால் அழுகிய வேர்களை வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் போனில் ஒரு முனகல் கேட்டது. வெட்டிய இடத்தில் கறுவாத்தூள் தடவி, கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்டுத் திரும்ப நட்டாள். அந்தக் கிழமை முழுக்க றஊபின் அறையில் கறுவா மணந்தது; புரியாணி ஆக்குவது யார் என்று கூட இருந்தவர்கள் தேடினார்கள்.

பத்து நாள் தண்ணீர் காட்டக் கூடாது என்பது பவுலினாவின் கட்டளை. வாடிய இலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. கை துறுதுறுத்தபோதெல்லாம் ஓதின தண்ணீரை ஃபஹ்மியா தானே குடித்தாள். பதினோராம் நாள் பச்சை வேர்நுனி ஒன்று எட்டிப் பார்த்தது. றஊப் எழுந்து உட்கார்ந்து தின்னப் பாண் கேட்டான்.

பிறகு ஒருமுறை அடியிலை மஞ்சளித்து விழுந்தது. வயதுக்கு விழும் இலை, விடு என்றாள் பவுலினா. றஊபுக்கு ஒரு கடைவாய்ப் பல் போயிருந்தது.

இப்போது சனிக்கிழமை காலைகளில் ஃபஹ்மியா ஈரத்துணியால் இலைகளை மேலும் கீழும் துடைக்கிறாள். அந்நேரம் றஊப் வேலையை நிறுத்தி, முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடி நிற்கிறான். மேற்பார்வையாளரும் அவள் துடைத்து முடியும்வரை காத்திருக்கிறார்.