ஆறு மணிக்கு நீக்கப்பட்டவர்கள்

மனிதகுலம் பிரிவு என்னும் துன்பத்தைப் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுமந்து வந்தது. அதை நான் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் நாற்பத்தியொரு வரிகளில் ஒழித்தேன். நாற்பத்திரண்டாவது வரி என் பெயர். அது கணக்கில் சேராது.

இதைத் தற்பெருமை என்பவர்கள் அதற்கு முன் எங்கள் அலுவலகம் இருந்த நிலையை அறியாதவர்கள். எங்களுடையது லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம். நூற்று நாற்பது பேர். மாதத்துக்கு மூன்று நான்கு பேராவது வேலையை விட்டுப் போவார்கள். போகிறவரின் மெயில் கணக்கை மூட வேண்டும். அதைப் பதினோரு ஆண்டுகளாகச் செய்துவந்தவர் என் எதிர்மேசை அக்கா. கணினிப் பிரிவு என்பதே அவரும் நானும், கழுத்து வலியோடு சுற்றும் ஒரு மின்விசிறியும்தான்.

அக்காவின் முறை இது. போகிறவரின் பெயரையும் ஃபோன் நம்பரையும் நீல அட்டை நோட்டில் எழுதுவார். கடைசி நாளுக்கு மறுநாள் ஃபோன் செய்வார். மூன்று கேள்விகள்.

"எடுக்க வேண்டியத எல்லாம் எடுத்துட்டீங்களா? இந்த முகவரிய வெளிய எங்கயாவது குடுத்து வச்சிருக்கீங்களா? சாப்டீங்களா?"

மூன்றுக்கும் பதில் வந்தால்தான் நோட்டில் டிக். டிக் விழுந்தால்தான் கணக்கு மூடப்படும். இரண்டாவது கேள்விக்கு ஒரு ஓட்டுநர் "யோசிச்சு சொல்றேன்" என்று ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அக்காவும் காத்திருந்தார்.

"அக்கா, மூணாவது கேள்விக்கும் சர்வருக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"நீ சாப்டியா?"

"இன்னும் இல்ல."

"அதான் இப்படிப் பேசுற."

இப்படிப்பட்ட இருண்ட காலத்தில்தான் என் நாற்பத்தியொரு வரிக் கணினி நிரல் பிறந்தது. அது பணியாளர் பிரிவின் பட்டியலைத் தானே படிக்கும். கடைசி நாள் மாலை சரியாக ஆறு மணிக்குக் கணக்கை மூடி, உள்ளே இருப்பதை அழித்து, போனவரின் கைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பும்: "தங்கள் சேவைக்கு நன்றி. இந்நொடி முதல் தங்கள் கணக்கு இல்லை." மேலாளருக்கு ஒரு அறிக்கை போகும்: "நீக்கப்பட்டார்." அழித்ததை முப்பது நாள் ஓரமாக வைத்திருக்கும் வசதியும் இருந்தது. வேண்டாம் என்றேன். குப்பைத்தொட்டி வைத்திருப்பவன் தன் முடிவையே நம்பாதவன் என்று கூட்டத்தில் சொன்னேன். மேலாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அலுவலகத்தில் என் பெயர் விஞ்ஞானி. அந்தப் பட்டத்தில் கிண்டல் கலந்திருப்பதாகச் சிலர் சொன்னார்கள், நான் ஆராயவில்லை. டீ குடிக்கும் இடத்தில் அக்காவைப் போல ஃபோன் பேசிக் காட்டுவேன். "சாப்டீங்களா சார்? அப்ப நிம்மதியா அழிச்சிடலாமா சார்?" எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரித்தார். சிரித்துவிட்டு நீல நோட்டைத் தன் மானிட்டருக்கு அடியில் உயரத்துக்கு வைத்துக்கொண்டார். போகிறவர்களின் பெயரையும் நம்பரையும் அதில் எழுதுவதை மட்டும் விடவில்லை. வீட்டில் அம்மா மட்டும், "அடுப்புல வச்ச பால இறக்கத் தெரியாது, ஊரு மெயில இறக்கிட்டானாம்" என்றாள்.

மூன்று வாரம் போனது. நான்கு பேர் போனார்கள். நான்கு அறிக்கைகள். நாங்கள் ஒரு விரலும் அசைக்கவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, முன்தினம் ஆறு மணிக்கு நீக்கப்பட்டவர் வாசலில் வந்து நின்றார். மெக்கானிக் அண்ணன். பத்தொன்பது ஆண்டு சர்வீஸ். லிஃப்ட் பழுதானால் அதைச் சரிசெய்ய வருகிறவர் மாடிப்படியில்தான் ஏற வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. அவருடைய இரண்டு முழங்கால்களும் யோசித்துவிட்டன. எங்கள் அலுவலகம் மூன்றாம் மாடி. எங்கள் லிஃப்ட் அன்று ஓடவில்லை.

"தம்பி," என்றார், கதவைப் பிடித்துக்கொண்டே. "என் மெயில ஒரே ஒரு தடவ தொறக்க முடியுமா?"

"ஏண்ணே?"

"பயிற்சிப் பள்ளியில வேல கெடைச்சிருக்குன்னு சொன்னேன்ல. ஆர்டர் அதுல வந்திருக்காம். அஞ்சு மணிக்குள்ள சம்மதம்னு பதில் போடணும். இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்னு இப்பத்தான் ஃபோன் பண்றாங்க."

"வேற முகவரிலேருந்து போடலாமேண்ணே."

"கேட்டுட்டேன். எங்க அனுப்பினோமோ அங்கேருந்துதான் வரணுமாம்."

"ஆபீஸ் முகவரிய எதுக்குண்ணே குடுத்தீங்க?"

"எனக்கு இருக்கறதே அது ஒண்ணுதான். இன்னொண்ணு வேணும்னு யாரும் கேக்கலையே."

கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தார். இரண்டாவது கேள்வியே அதுதான். நான் எதிர்மேசைப் பக்கம் திரும்பவில்லை.

"சம்சாரம் கீழ வண்டிகிட்ட நிக்குறா," என்றார் அண்ணன். "டீ குடிச்சிட்டு வரேன்னுட்டு ஏறி வந்தேன். அவளுக்கு இது தெரியாது. இனிமே படியே ஏற வேண்டாம்னு நேத்துதான் சந்தோஷப்பட்டா."

இங்கே அவருடைய இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அங்கே ஐந்து மணி. நடுவில் நான், நாற்பத்தியொரு வரிகள். அழித்ததை மீட்க ஒரு வழியும் கிடையாது. அப்படி ஒரு வழியும் இல்லாமல் செய்ததற்குத்தான் எனக்குக் கைதட்டினார்கள்.

"உக்காருங்கண்ணே," என்றேன்.

நிரலைத் திறந்து மேலும் கீழும் உருட்டினேன். தேடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. அக்கா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து பொறுமையாகப் படித்தார், கல்யாணப் பத்திரிகையைப் படிப்பதுபோல.

"டேய் விஞ்ஞானி. ஏழாவது வரியில 'ஒத்திகை: ஆம்'னு போட்டிருக்கே. அப்படின்னா?"

அப்படியென்றால், நிரல் எல்லாவற்றையும் செய்வதுபோல் நடிக்கும். செய்தி அனுப்பும், அறிக்கை அனுப்பும், அழிக்காது. சோதித்துப் பார்க்கும்போது அப்படி வைத்துக்கொண்டு, உண்மையில் ஓடவிடும் நாளில் "இல்லை" என்று மாற்ற வேண்டும். மாற்ற வேண்டியவர் நான்.

ஆக, என் நிரல் மூன்று வாரங்களாக ஒருவரையும் நீக்கவில்லை. நீக்கியதாக மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டு மட்டும் இருந்தது. ஒரு வேலையும் செய்யாமல் பாராட்டு வாங்கிய அளவில் அது எங்கள் நிறுவனத்தின் நிரந்தர ஊழியராகவே ஆகிவிட்டது.

"அண்ணே, செய்தி வந்தப்புறம் நீங்க உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"இல்லன்னு சொல்லிட்டாங்களே. இல்லாத வீட்டுக் கதவ யாராவது தட்டுவாங்களா?"

என் நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். ஒற்றை விரலால் கடவுச்சொல்லை அடித்தார். இருபது விநாடி ஆகியிருக்கும். எனக்கு அது பத்தொன்பது ஆண்டு சர்வீஸ். பெட்டி திறந்தது. எல்லாம் அப்படியே இருந்தது. நடுவில் தடித்த எழுத்தில் அந்தக் கடிதம்.

அவர் "சம்மதம்" என்று ஒரே வார்த்தை அடித்து அனுப்பப் போனார். அக்கா தடுத்து, மேலே ஒரு வணக்கமும் கீழே பெயரும் போடச் சொன்னார். நான்கு இருபதுக்குப் போனது. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மின்விசிறி மட்டும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. நான்கு முப்பத்தைந்துக்குப் பதில் வந்தது: "பெற்றுக்கொண்டோம். திங்கள் காலை ஒன்பது மணி. தரைத்தளம், அறை நான்கு."

"தரைத்தளம்," என்று படித்தார் அண்ணன். பிறகு ஒருமுறை சத்தமில்லாமல் படித்தார். அப்படியே பின்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் முழங்கால்களைத் தடவிக்கொடுத்தார்.

"சாப்டீங்களா?" என்றார் அக்கா.

"மத்தியானம் அந்த ஃபோன் வந்ததுலேருந்து எங்கக்கா எறங்குது."

அக்கா இழுப்பறையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அதற்குள் அண்ணனின் கைபேசி அடித்தது. அந்தப் பக்கக் குரல் எங்கள் அறை முழுக்கக் கேட்டது. "டீ குடிக்கப் போனீங்களா, டீத்தூள் அரைக்கப் போனீங்களா?"

"வந்துட்டேம்மா, வந்துட்டேன்." போகும்போது என் கையைப் பிடித்தார். "நீங்க நல்லா இருக்கணும் தம்பி. பத்திரமா எடுத்து வச்சிருந்தீங்க பாருங்க."

நான் அடக்கமாகத் தலையசைத்தேன். அக்காவுக்கு இருமல் வந்தது. நீண்ட இருமல்.

மேலாளருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். நான்கு கணக்கும் இன்னும் திறந்தே கிடக்கின்றன, தவறு என்னுடையது, இன்றே முடிக்கிறேன் என்று. பதில் உடனே வந்தது: "சரி. அறிக்கை நல்லா இருக்கு, அத நிறுத்த வேண்டாம்."

ஐந்தரைக்கு அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

ஏழாவது வரியில் "ஆம்" என்பதை "இல்லை" என்று மாற்றினால் போதும். விரலைக் கொண்டுபோனேன். எடுத்துவிட்டேன். எழுந்துபோய், அக்காவின் மானிட்டரை ஒரு கையால் தூக்கி நீல நோட்டை உருவினேன். கடைசிப் பக்கத்தில் அந்த நான்கு பெயரும் நம்பரோடு இருந்தன. மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு டிக் போட்டுவிட்டு, முதல் நம்பரை அடித்தேன். பழைய கிடங்குக்காரர் எடுத்தார்.

"அண்ணே, கணினிப் பிரிவுலேருந்து. எடுக்க வேண்டியத எல்லாம் எடுத்துட்டீங்களா?"

எடுத்துவிட்டாராம்.

"இந்த முகவரிய வெளிய எங்கயாவது குடுத்து வச்சிருக்கீங்களா?"

யோசித்தார். பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாற்றச் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை மறுபடி கூப்பிடுகிறேன் என்றேன். நோட்டில் டிக் போடாமல் குறித்துக்கொண்டேன்.

வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஃபோனை வாயருகே கொண்டுவந்து குரலைத் தாழ்த்தினேன்.

"சாப்டீங்களா?"

"இப்பத்தான் தம்பி. நீங்க?"

"இன்னும் இல்லண்ணே," என்றேன். "இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க."