தெமிஸின் பங்கு

நவம்பர் பிறந்து ஆலிவ் பறிப்பு தொடங்கியதும் தெமிஸுக்குப் பக்தி பொங்கிவிடும். தெசலோனிக்கி நகரத்திலிருந்து பெட்டியோடு ஊருக்கு வருவான். அண்ணி அசிமினாவின் வீட்டில் ஒரு வேளை ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலைப் படகில் ஆதோஸ் மலைக் கிறிஸ்தவ மடங்களுக்குப் போய்விடுவான். பெண்கள் காலடி படாத இடம் அது. அங்கே அவன் என்ன கிழித்தான் என்று அசிமினா போய்ப் பார்க்க முடியாது. பறிப்பு முடிந்த பிறகு திரும்பி வந்து, ஆலிவ் தோப்பில் தனக்குள்ள பாதிக்கு, அவள் பறித்து ஆட்டிவைத்த எண்ணெய் டின்களை அள்ளிக்கொண்டு போவான். அவள் புருஷன், அதாவது தெமிஸின் அண்ணன், செத்த ஐந்து வருஷமாக இதுதான் கதை.

இந்த வருஷமும் முதுகுவலி என்றான். முழங்கால் போட்டுக் கும்பிட மட்டும் அந்த முதுகு வளையும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

நான்கு நாளில் வர வேண்டியவன் ஒன்பது நாள் வரவில்லை. கடல் கொந்தளித்துப் படகு நின்றுவிட்டது. காற்று அடங்கியதும் வந்து சேர்ந்தான். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். மடத்தில் தங்கியவர்களை எல்லாம் துறவிகள் ஆலிவ் பறிக்க இறக்கிவிட்டார்களாம். விடியலில் எழுப்பி, அவித்த பயறு போட்டு, மரத்தில் ஏற்றினார்களாம்.

"சாமியார் கூப்பிட்டா ஏறுவ. நான் கூப்பிட்டா முதுகுவலி," என்றாள் அசிமினா.

"அது புண்ணியம் அண்ணி."

"அப்ப இங்க பறிச்சா பாவமா?"

அவன் பேச்சை மாற்றி, எண்ணெய் ஆலையிலிருந்து வந்துவிட்டதா என்று கேட்டான். தன்னுடையது வந்துவிட்டது என்றாள். நடு வரப்பு வரை மட்டும் பறித்ததாகவும், அதற்கு அந்தப் பக்கம் கையே வைக்கவில்லை என்றும் சொன்னாள்.

தெமிஸ் தோப்புக்கு ஓடினான். அவன் பங்கு மரங்களைக் காற்று உலுக்கியிருந்தது. சேற்றில் கிடந்த காய்களில் பாதி அழுகிவிட்டிருந்தன.

"சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?"

"அஞ்சு வருஷமா சொன்னேன். உனக்கு மடத்து மணிச்சத்தம் மட்டுந்தான் காதுல விழுது."

இரண்டு நாள் குனிந்து பொறுக்கினான். புளித்த வாடையோடு மூன்று டின் எண்ணெய்தான் தேறியது. அசிமினா உதவிக்குப் போகவில்லை. அவனுக்காக அவள் வருத்தப்படவும் இல்லை. புருஷன் கையால் நட்ட மரங்களின் காய் இப்படி மண்ணாய்ப் போனதே என்றுதான் நெஞ்சு உறுத்தியது.

பஸ் ஏறும்போது, அடுத்த வருஷம் பறிப்புக்கு முன்னாலேயே வருவதாகச் சொன்னான்.

"வா. ஏணியோட வா," என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.