தொட்ட சிப்பாய்

டயர் கடைக்காரருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: ஆடினால் எடை வை. சக்கரம் ஆடினாலும் அதேதான், சதுரங்கக் காய் ஆடினாலும் அதேதான்.

அவருடைய அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. இடது பக்கம் சுத்தமாக விழுந்துவிட்டது. வலது கை இருக்கிறது, ஆனால் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. பேச்சும் பாதிதான் வரும். மிச்சமிருந்த ஒரே ஆசை தம்பியோடு சதுரங்கம் ஆடுவது. காய்களோ அந்தக் காலத்துப் பிளாஸ்டிக், உள்ளே வெறும் காற்று. கை பட்டதும் நாலு காய் உருண்டோடும். அண்ணனுக்குக் கண் கலங்கிவிடும். "போதும்டா" என்று பலகையைத் தள்ளிவிடுவார்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. காய்களைக் கடைக்கு அள்ளிக்கொண்டு போனார். சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, முப்பது வருட அழுக்கைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். காது உடைந்த குதிரைக்குப் பசையிலேயே புதுக் காது வைத்தார். அது கொஞ்சம் கழுதைச் சாயலில்தான் வந்தது. சக்கரத்துக்கு வைக்கும் ஈயக் கட்டியை நறுக்கி முப்பத்திரண்டு காய்களிலும் திணித்து, கல்லாக இறுகும் பசையை ஊற்றினார். அடியில் துணி ஒட்டுவதுதான் வழக்கம். டயர் கடைக்காரர் கேட்பாரா? ட்யூப் ரப்பரை வட்டமாக வெட்டி அதே பசையில் ஒட்டினார். விரலால் சுண்டிப் பார்த்தார், ஒரு காயும் இம்மியும் அசையவில்லை. மனிதருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பலகையை விரித்தார்கள். அண்ணன் கை நடுங்கிக்கொண்டே வந்து ராஜாவை இடித்தது. ராஜா விழவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு அண்ணன் சிரித்தார்.

பிறகு ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயைப் பிடித்தார். விரல் வழுக்கியது. மறுபடி பிடித்தார். தூக்க முடியவில்லை. தள்ளிப் பார்த்தார், ரப்பர் பலகையைக் கவ்விக்கொண்டது.

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. டயர் தூக்கும் தன் கைக்கு ஏற்றபடி எடை வைத்திருக்கிறார், பாவி. பசை இறுகிவிட்டது. இனித் துளைத்தால் பழைய பிளாஸ்டிக் நொறுங்கிப்போகும்.

"நான் நகத்துறேண்ணே. எங்கன்னு மட்டும் காட்டுங்க."

அண்ணன் மாட்டேன் என்று தலையசைத்தார். தொட்ட காயைத் தொட்டவரே நகர்த்தியாக வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. சின்ன வயதில் காயைத் தொட்டுவிட்டு மனம் மாறும் தம்பிக்கு, அவன் அழுது புரண்டாலும் அதை விட்டுக்கொடுக்காதவர் அவர்.

"தொட்டது... நான்," என்றார். "நான்தான்... நகத்தணும்."

சிப்பாயின் தலைமேல் வைத்த விரலை அவர் எடுக்கவே இல்லை. தன் முறை வரட்டும் என்று தம்பி எதிரில் உட்கார்ந்திருந்தார். மதியம்வரை வரவில்லை.