பல் செய்பவர் சுவரடித்த வாரம்

அவர் பல் செய்பவர். பல் டாக்டர் அல்ல. டாக்டர் எடுத்து அனுப்பும் வாய் அச்சை வைத்துக்கொண்டு, மெழுகில் ஈறு கட்டி, அதில் பல் பதித்து, கடைசியில் வாய்க்குள் கச்சிதமாக உட்காரும் செட்டாக முடித்துக் கொடுப்பவர். கிளினிக்கின் பின்னறைதான் அவருடைய பட்டறை. ஜன்னலோரம் மேசை, மேசைமேல் ஸ்பிரிட் விளக்கு, சுவர்த்தட்டுகளில் வரிசையாக யார் யாருடைய வாயோ பிளாஸ்டரில். இந்த ஊரில் சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் என் வீட்டுக்காரர் உபயத்தில்தான் சிரிக்கிறார்கள் என்று அவருடைய மனைவி கேலி செய்வாள்.

வீட்டில் அவருக்கு ‘ஆல்ரவுண்டர்’ என்று பெயர். மனைவியின் அண்ணன் வைத்தது. குழாய் ஒழுகினால் அவரே பார்ப்பார். சலவை மெஷின் நின்றுபோனால் அவரே பிரிப்பார். மகளுக்கு முடி வெட்டுவதும் அவர்தான். ஆளைக் கூப்பிட்டால் அரைகுறையாகச் செய்துவிட்டுப் போவான் என்பது அவர் கட்சி. சும்மா சொல்லக்கூடாது, எதைத் தொட்டாலும் சுத்தமாகத்தான் செய்வார். வம்பே அங்கேதான் இருந்தது.

வெளிநாட்டில் இருந்த அந்த மச்சான் பல வருடம் கழித்து வருவதாகப் போன் செய்தார். கூடத்துச் சுவர் ஈரம் கோத்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. மச்சான் வருவதற்குள் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்று பேச்சு வந்தது.

எதிர்வீட்டில் பெயின்டர் ஒருவர் இருந்தார். முன்பல் இரண்டும் போனதிலிருந்து சிரிக்கும்போதெல்லாம் மேலுதட்டை இழுத்து மூடிக்கொள்வார். விஷயம் காதில் விழுந்ததும் வாசலுக்கே வந்துவிட்டார்.

“அண்ணே, நான் அடிச்சுத் தர்றேன். கூலி எதுவும் வேணாம். அதுக்குப் பதிலா இந்த ரெண்டு பல்லை மட்டும் போட்டுக் குடுத்துடுங்க. எனக்கு அது மலை மாதிரி. உங்களுக்கு ஒரு பொழுது வேலை.”

நல்ல பேச்சுதான். ஆனால் பல் செய்பவரின் கண் பெயின்டர் வீட்டு ஜன்னலுக்குப் போயிற்று. சட்டத்தில் அடித்த நீலம் கண்ணாடி மேலும் கொஞ்சம் ஏறியிருந்தது.

“உங்க வேலையைப் பார்த்துட்டுதானே இருக்கேன், தம்பி. ஓரம் நேரா வராது. அப்புறம் நான்தான் உட்கார்ந்து சுரண்டணும். அதுக்கு நானே அடிச்சிடுவேன்.”

பெயின்டர் சிரித்தார். உதட்டை இழுத்து மூடிக்கொண்டு, “சரிண்ணே” என்று போய்விட்டார்.

பல் செய்பவரின் மனைவி பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் இருப்பவள். மனிதர்களிடம் வெடுக்கென்று பேசக்கூடாது என்று தொழிலிலேயே பழகியவள். கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டாள்.

“முகத்துக்கு நேரா அப்படியா சொல்லுவாங்க?”

“உள்ளதைச் சொன்னேன். அவரை விட நான் நல்லா அடிப்பேனா மாட்டேனா?”

“அடிப்பீங்க. யாரு இல்லைன்னா? ஆனா நீங்க சுவர்கிட்ட நிக்கிற நேரத்துல பல்லை யாரு செய்வாங்க? அவரா வந்து செய்வாரு?”

“பல் எங்கேயும் ஓடிப் போகாது” என்றார் அவர்.

மேசையில் அப்போது முக்கியமாக இருந்தது ஒரு மேல் செட். அது செய்தி அம்மாவுடையது. ரேடியோவில் செய்தி வாசித்தவர். அந்தக் குரல் வந்தால் சமையலறையில் இருப்பவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வருவார்கள் என்று சொல்வார்கள். ஈறு நோயில் மேல்வரிசை முழுவதும் போய், புண் ஆறி, இப்போதுதான் அளவு கொடுத்திருந்தார். ஒரே மகளுக்குக் கல்யாணம். மகள் வேலை பார்ப்பது எங்கோ தொலைதூர நாட்டில். வந்து, கல்யாணத்தை முடித்துக்கொண்டு, உடனே கிளம்பிவிடுவாள். விருந்தில் அம்மா எழுந்து பேச வேண்டும் என்பது அவள் ஆசை.

“பல்லு போனதிலேர்ந்து நான் எங்கேயும் வாயைத் திறக்கறதில்ல தம்பி. அன்னைக்குத் திறக்கணும். நீங்க குடும்பத்தோட வந்து கேட்கணும்” என்று அவரே பட்டறைக்குள் வந்து பத்திரிகை வைத்திருந்தார்.

மெழுகுப் பல்லை வாயில் வைத்து ஒருமுறை பேசிப் பார்த்தாயிற்று. டாக்டர் இளம்பெண், காது கூர்மை.

“‘ச’ சொல்லும்போது கொஞ்சம் காத்து வருதுண்ணா. முன்னாடி பல்லை லேசா நகர்த்திட்டு, இன்னொரு தடவை வெச்சுப் பார்த்துடலாம்.”

“பார்த்துடலாம் டாக்டர்” என்று சொல்லியிருந்தார்.

பிறகு சுவர் தொடங்கியது.

சுரண்டினால் உள்ளே இன்னும் ஈரம். அது காய வேண்டும். காய்ந்தபின் பட்டி, பட்டி காய்ந்தபின் தேய்ப்பு, தேய்த்தபின் பிரைமர். இடையிடையே பட்டறைக்குப் போய் வரலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் கையெல்லாம் பட்டியும் தலையெல்லாம் தூசியுமாக இருப்பவன் குளித்து உடை மாற்றி ஓடி, மெழுகில் மயிரிழை வேலை பார்த்துவிட்டு மறுபடி ஏணி ஏற முடியுமா? இந்தப் பக்கம் முடித்துவிட்டுப் போகலாம், அந்த மூலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே போயிற்று. உண்மையைச் சொன்னால் அவருக்கு அது பிடித்திருந்தது. உருளை சுவரில் ஓடும் சத்தம் பிடித்திருந்தது. இரண்டாம் பூச்சு காய்ந்து, மேல்விளிம்பு நூல் பிடித்ததுபோல நின்றபோது, ஏணியிலிருந்து இறங்கி எதிர்வீட்டு ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

டாக்டர் போன் செய்தார். “அண்ணா, அம்மாவை எப்போ வரச் சொல்லட்டும்?”

“தேவைப்படாது டாக்டர். நான் நகர்த்திட்டேன். நேரா முடிச்சே குடுத்துடறேன்.”

நகர்த்தியிருக்கவில்லை. போனை வைத்த பிறகுதான் போய், கண்மட்டத்தில் நகர்த்தினார். இத்தனை வாய் பார்த்தவனுக்குத் தெரியாதா என்று ஒரு தெம்பு. மெழுகு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் மாவு அடைத்து, அச்சுப் பெட்டியோடு வேகவைத்து எடுத்ததும் பெட்டி தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டால் செட் நெளிந்துவிடும் என்று எத்தனையோ பேருக்கு அவரே சொல்லியிருக்கிறார். அன்று அதைக் குழாய்த் தண்ணீரில் காட்டினார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் செய்தி அம்மா வந்து போட்டுக்கொண்டார். கண்ணாடியில் பார்த்ததும் முகம் பத்து வயது இறங்கியது. பேசினார். மெல்லிய விசில் ஒன்று கூடவே வந்தது. டாக்டர் திரும்பி இவரைப் பார்த்தார்.

“புதுசுல அப்படித்தான் இருக்கும்மா. பழகிடும்” என்றார் இவர்.

“நீங்க சொன்னா சரி தம்பி.”

அன்று சாயங்காலம் மச்சான் வந்து இறங்கினார். பெட்டியைக்கூட வைக்காமல் கூடத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார்.

“யாரு மாப்ள அடிச்சது? கம்பெனி ஆளுங்களா?”

“நான்தான்.”

“ஆல்ரவுண்டர்னு சும்மாவா பேர் வெச்சேன்!”

மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பாமல் உள்ளே போனாள்.

விருந்து மண்டபத்தில் அவர்களுக்கு முன்வரிசைக்கு அடுத்த மேசை. கல்யாணப் பெண் வந்து மைக்கைத் தட்டி, “எங்கம்மா பேசப் போறாங்க” என்றதும் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. வயதானவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்தக் குரல் தெரியும்.

“சபையில இருக்கிற சொந்தங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.”

மைக் விசிலைப் பிடித்துக்கொண்டது. பட்டறையில் மெல்லியதாக இருந்தது, மண்டபம் முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. முதல் வாக்கியம்தானே.

“என் பொண்ணு சின்ன வயசுல சரியான சண்டைக்காரி.”

சிரிப்பு எழுந்தது. தன் வேடிக்கைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அவரும் சிரித்தார். முகம் மலர்ந்துபோயிற்று. அதைப் பல் செய்பவரால் பார்க்க முடியவில்லை. அடுத்த வாக்கியத்துக்கு வேடிக்கை எதுவும் இல்லாமலே சிரிப்பு வந்தது. யாரோ ஒரு குழந்தை அந்த விசிலைத் திருப்பிச் செய்து காட்டியது. அப்போதுதான் அந்த அம்மாவுக்குப் புரிந்தது.

அவர் நிறுத்தவில்லை. இத்தனை வருடம் எந்தச் செய்தியையும் பாதியில் நிறுத்தாதவர். ‘ச’ இல்லாத வார்த்தைகளாகத் தேடிப் பேசப் பார்த்தார். மெதுவாக, ஒவ்வொன்றாகத் துழாவி எடுத்து. அப்படித் துழாவிக்கொண்டிருந்தபோது செட் மேலிருந்து கழன்று நாக்கின்மேல் விழுந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளிருந்தே, “மன்னிச்சுக்குங்க” என்று ஏதோ சொன்னார். மகள் ஓடிவந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். யாரோ பாட்டைப் போட்டார்கள்.

பல் செய்பவர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர், “எவன் செஞ்ச பல்லுன்னு தெரியலையே, பாவம்” என்றார் சாதாரணமாக. மனைவி இவர் பக்கம் திரும்பவில்லை, மகளைத்தான் அதட்டினாள், காரணமே இல்லாமல், “தட்டைப் பார்த்துச் சாப்பிடு.”

வீட்டுக்குப் போனதும் விளக்கைப் போட்டார். சுவர் பளிச்சென்று நின்றது. எந்த விளிம்பிலும் ஒரு குறை இல்லை. விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

கல்யாணப் பெண் விமானம் ஏறும்வரை அவருக்குச் செய்தி அம்மா வீட்டுக்குப் போகத் துணிச்சல் வரவில்லை. அப்புறம் போனார். கதவைத் திறந்த அம்மாவின் வாயில் பல் இல்லை. உதடு உள்ளே மடிந்திருந்தது.

“வாங்க தம்பி, உட்காருங்க. நீங்க மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. பழகிடும்னு நீங்க சொன்னீங்க. ராத்திரி முழுக்கப் போட்டுப் பழகியிருக்கணும். நான்தான் கழட்டி வெச்சுட்டேன்.”

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“அம்மா, தப்பு உங்க மேல இல்ல. இன்னொரு தடவை மெழுகுல வெச்சுப் பார்த்திருக்கணும், நான் பார்க்கல. ஆற விடாமலே எடுத்தேன். அந்த வாரம் நான்... வீட்டுல சுவர் அடிச்சிட்டு இருந்தேன்.”

“சுவரா?”

“ஆமாம்மா. எதிர்வீட்டுக்காரர் அடிச்சுத் தர்றேன்னுதான் சொன்னாரு. எனக்கு அவர் வேலை பிடிக்கல. நானே அடிச்சேன்.”

செய்தி அம்மா மடிந்த உதட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

“என்ன கலர்?”

“இளம்பச்சை.”

“ம்” என்றார். கோபமும் இல்லை, கேலியும் இல்லை. வாங்கி வந்த ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று விசாரித்த மாதிரி இருந்தது. பல் செய்பவர் எழுந்து நின்றார். அளவுக்கு மறுபடி வரச் சொல்லிவிட்டு, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்து, தெரு முனையில்தான் அதைக் கவனித்தார்.

மறுநாள் காலை எதிர்வீட்டுக்குப் போனார்.

“தம்பி, சமையலறை ஒண்ணு பாக்கி இருக்கு. நீங்க அடிங்க. உங்க பல்லை நான் போட்டுத் தர்றேன்.”

பெயின்டர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, “வேணாம்ணே. உங்களுக்கு என் வேலை சரிப்பட்டு வராது” என்றார். குரலில் மரியாதை குறையவில்லை, அதுதான் உறுத்தியது.

“நான் பேசினது தப்பு.”

“தப்பில்லண்ணே. என் ஓரம் கோணல்தான். அது எனக்கே தெரியும். ஆனா அன்னைக்கு நீங்க அதைச் சொன்னப்ப எம்பொண்டாட்டி பக்கத்துல நின்னுட்டு இருந்தா.”

அவர் திரும்பி வந்துவிட்டார். அப்புறம் மனைவிதான் போய்ப் பேசி வழிக்குக் கொண்டுவந்தாள். பெயின்டர் வந்து அடித்தார். ஓரம் கோணல்தான், அடுப்பு மேடையில் சொட்டு சொட்டாக வெள்ளை. பல் செய்பவர் அந்தப் பக்கமே போகவில்லை. பட்டறையில் உட்கார்ந்து, செய்தி அம்மாவின் செட்டை முதலிலிருந்து செய்தார். மெழுகில் வைத்துப் பேசச் சொல்லி, நகர்த்தி, மறுபடி பேசச் சொல்லி, டாக்டருக்கு அலுப்பு வரும்வரை. பெட்டியை அதன் போக்கில் ஆற விட்டார். அது ஆறுகிற நேரத்தில் பெயின்டரின் இரண்டு பல்லையும் முடித்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். ஒரு பொழுது வேலைக்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

செய்தி அம்மா வந்து புதுச் செட்டைப் போட்டுக்கொண்ட அன்று, டாக்டர் மேசையில் கிடந்த பேப்பரை எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவர் வாசித்தார். சந்தை, சாலை, சட்டம், சர்ச்சை. எல்லா ‘ச’வும் கத்தரித்த மாதிரி வந்தது. வரவேற்பறை நாற்காலிகளில் இருந்த நோயாளிகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் அவர் மகளுக்குப் போன் போட்டார். அன்று விருந்தில் பேச நினைத்ததை அந்தச் சின்ன போனில், ஆரம்பத்திலிருந்து, சபைக்கு வணக்கம் சொல்வதிலிருந்து பேசத் தொடங்கினார். மறுமுனையில் மகள் சிரிப்பதும், பிறகு சிரிக்காமல் போவதும் கேட்டது.

டாக்டர் பின்னறைக் கதவைத் தட்டினார். “அண்ணா, வெளியில வந்து கேளுங்க. எவ்வளவு அழகா பேசறாங்க!”

“கையில வேலை இருக்கு டாக்டர்” என்றார் அவர் உள்ளிருந்து.

கையில் ஒன்றும் இல்லை. மேசைமுன் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அந்தப் பேச்சு முடிந்து தெருக்கதவு சாத்தப்படும்வரை அப்படியே இருந்தார்.